மைக் அக்கா பேசாத ஆறு வாரம்

அந்த ஊர் பஸ் நிலையம் பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றுமில்லை. நான்கு நடைமேடை, ஒரு டீக்கடை, ஒரு பழக்கடை, தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகச் சில பெஞ்சுகள். நாளைக்குப் பதினாறு பஸ். அதில் மூன்று, வந்தால்தான் வந்தது. மூலையில் கண்ணாடிச் சன்னல் வைத்த ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு மேஜை, ஒரு மைக், தலையை ஒரு பக்கம் மட்டுமே திருப்பத் தெரிந்த ஒரு விசிறி, பஸ் நேரங்கள் எழுதிய ஒரு பழைய அட்டை. அப்புறம் அவள்.

அவளுக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவள் மைக் அக்கா. அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் சொன்னார்கள். பத்தொன்பது வருடமாக ஊருக்கே அவள் குரலைத் தெரியும். முகத்தைத் தெரிந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சன்னல் கண்ணாடியில் பஸ் புகை படிந்து படிந்து, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்ற அளவுக்குத்தான் தெரியும். காய்கறிக் கடையில் அவள் பேசாமல் நிற்கும்வரை யாரும் திரும்ப மாட்டார்கள். வாயைத் திறந்து "வெங்காயம் எப்படி?" என்று கேட்டுவிட்டால் போதும், பக்கத்தில் நிற்கிற இரண்டு பேராவது ஒலிபெருக்கி எங்கே என்று கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள்.

இனிமையான குரல் என்று சொல்ல முடியாது. ஆனால் விரட்டாத குரல். "புறப்படத் தயாராக உள்ளது" என்று அவள் சொன்னால், தூங்குகிற பிள்ளையின் தோளில் கை வைத்து எழுப்புவதுபோல் இருக்கும். ஊர் தன் காரியங்களை அந்தக் குரலைச் சுற்றித்தான் அடுக்கி வைத்திருந்தது. ஒன்பது முப்பது பஸ்ஸைச் சொன்னதும் மாடி வீடுகளில் துணி காயப் போடுவார்கள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பத்து ஐம்பதுக்கு சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பார். எதிர்ச் சாரியில் பல் டாக்டர் ஒருவர். அவர் நோயாளியின் வாயில் குறடை வைத்துக்கொண்டு அவள் குரலுக்காகக் காத்திருப்பார். எந்த ஊர் பஸ் என்று நோயாளி காதைத் தீட்டும் அந்த ஒரு கணத்தில் பல் வெளியே வந்துவிடும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அவள் அட்டையைப் பார்ப்பாள், கடிகாரத்தைப் பார்ப்பாள், பொத்தானை அழுத்திப் பேசுவாள். அவள் சன்னலுக்குத் தெரிந்ததெல்லாம் பஸ்களின் முதுகுதான்.

மழைக்காலம் முடிந்த கையோடு குரலில் ஒரு பிசிறு தட்டியது. முதலில் 'ற'வில் மட்டும் இடறியது. டைம் கீப்பர் ஃப்ளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து வைத்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன், நல்ல மாதிரி, எதற்கெடுத்தாலும் பதறுவான்.

"அக்கா, ரெண்டு நாள் லீவு போடுங்களேன்."

"சளிதான் தம்பி. சரியாயிடும்."

சரியாகவில்லை. ஒரு காலை, ஏழு பத்து பஸ்ஸைச் சொல்ல வாயைத் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. ஆறு ஒலிபெருக்கியிலும் அந்தக் காற்று 'ஹ்...' என்று ஊர் முழுக்க வீசியது. பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஏழு பத்து பஸ் நான்கு நிமிடம் காத்திருந்துவிட்டு, கோபித்துக்கொண்டு போகிறவர் மாதிரி மெல்ல நகர்ந்தது.

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கணவர் கூட்டிப்போனார். டாக்டர் மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, உள்ளே இருப்பதை டிவியில் காட்டினாள். இரண்டு சின்ன மடிப்பு. ஒன்றின் ஓரத்தில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு முடிச்சு. பத்தொன்பது வருடமாக ஊரையே எழுப்பியது இந்த விரல் நக அளவுச் சதைதானா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஆறு வாரம்," என்றாள் டாக்டர். "பேச்சே கூடாது. ரகசியம் பேசுற மாதிரி கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் மோசம். தூக்கத்துல பேசுற பழக்கம் உண்டா?"

அவள் கணவரைப் பார்த்தாள்.

"தெரியாதுங்க டாக்டர்," என்றார் அவர். "எனக்குப் படுத்தா உடனே தூக்கம் வந்துடும்."

வரும் வழியில் கணவர் ஒரு கடையில் நுழைந்து, குழந்தைகள் எழுதும் சிலேட்டும் ஒரு பெட்டி சாக்பீஸும் வாங்கிவந்தார். ஆறு வாரம் அவள் வாய் அதுதான்.

வெளியூரில் நர்ஸ் படிப்புப் படிக்கும் மகள் தினமும் சாயங்காலம் போன் செய்வாள். ஆமாம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு தட்டு என்று ஏற்பாடு.

"அம்மா, சாப்பிட்டியா?"

ஒரு தட்டு.

"அப்பாவா சமைச்சார்?"

ஒரு தட்டு.

"நல்லா இருந்துச்சா?"

கணவர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு, மேஜைக்கு வலிக்காத மாதிரி, இரண்டு தட்டு.

பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் கொண்டாட்டம். கேள்வியும் அவளே கேட்பாள், மைக் அக்கா சிலேட்டில் இரண்டு எழுத்து எழுதுவதற்குள் பதிலையும் அவளே சொல்லிவிடுவாள். "வலிக்குதா? வ... வலிக்குதுன்னு எழுதுறே, பாவம்." எழுதவந்தது 'வலியில்லை' என்று. போகட்டும் என்று அழித்துவிடுவாள்.

காலை பதினொரு மணிக்குத் தன் வீடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. முதல் வாரம் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். சமையலறைச் சன்னல் வழியாக வெயில் இறங்கி, தரையில் ஒரு கட்டமாக விழுந்து, அடுப்படியிலிருந்து அலமாரிவரை நகர்ந்து போக ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. பக்கத்து மொட்டை மாடியில் புறாக்கள் தொண்டைக்குள்ளேயே ஏதோ பேசின. தெருவில் யாரோ மிதிவண்டி மணியை ஒரே ஒரு முறை அடித்துவிட்டுப் போனார்கள். தன் வீட்டுக்கே விருந்தாளியாக வந்துவிட்டதுபோல், நாற்காலி நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தாள்.

கணவர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அளந்து அளந்து பேசுவார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் சேர்ந்தாற்போல் பத்து வாக்கியம் பேசி அவள் கேட்டதில்லை. ஐந்தாம் நாள் சாயங்காலம், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், திடீரென்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு ஒரு அம்மா வந்தாங்க. ரொம்ப நாளா கண்ணு தெரியாமலே ஓட்டியிருக்காங்க. புதுக் கண்ணாடியைப் போட்டு விட்டேன். வாசல்ல நின்ன புருஷனைப் பார்த்தாங்க. 'உங்களுக்கு எப்பங்க இவ்வளவு நரைச்சுது?'ன்னு கேட்டு அழுதுட்டாங்க. அந்த ஆளு என்னைப் பார்த்து முறைக்கிறார், என்னமோ நான்தான் நரைக்க வச்ச மாதிரி."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கலாமா கூடாதா என்று டாக்டர் சொல்லவில்லை. மறுநாள் அவர் இன்னொன்று சொன்னார். அதற்கடுத்த நாள் இரண்டு. கடைக்கு வரும் கண்களையெல்லாம் அவர் வருடக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தார் போலிருக்கிறது. அவள் சிலேட்டை எடுத்து எழுதினாள்: 'இதெல்லாம் ஏன் முன்னாடி சொல்லல?'

"நீ நாள் முழுக்கப் பேசிட்டு வர்றே," என்றார் அவர், குழம்பிப்போய். "வீட்டுலயாவது உனக்கு அமைதியா இருக்கட்டுமேன்னு..."

அவருக்குப் பேச்சு பிடிக்காது என்று நினைத்து அவளும் அத்தனை வருடம் வாயை அடக்கிக்கொண்டிருந்தாள். அதை எழுதச் சிலேட்டில் இடம் போதாது. அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினாள்.

பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் மைக்கைப் பிடித்துப் பார்த்தான். பேச்சில் தங்கமானவன், மைக் முன்னால் மட்டும் யாரையோ அடிக்கப் போகிறவன் மாதிரி கத்தினான். பயந்துபோய் மூன்று பேர் தப்பான பஸ்ஸில் ஏறினார்கள். பல் டாக்டரே நேரில் வந்து, கத்த வேண்டாம் என்று கெஞ்சிவிட்டுப் போனார். ஒன்பதாம் நாள் அவன் மைக்கின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டு, ஒரு கரும்பலகையில் நேரங்களை எழுதி வாசலில் சாய்த்து வைத்தான்.

அதற்குப் பிறகு ஊரில் வேறு மாதிரி ஓர் அமைதி. காலை நேரங்களில் அவள் நடக்கப் போனாள். கடைத்தெருவில் எல்லோரும் கையில் எடுத்த வேலையைப் பாதியில் நிறுத்தி, எதையோ எதிர்பார்ப்பதுபோல் தலையைச் சற்றே சாய்த்து, பிறகு மறுபடி வேலையைத் தொடர்ந்தார்கள். மாடிகளில் துணி பன்னிரண்டு மணிக்குக் காயப் போட்டார்கள். நடுவே அவள், சிலேட்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கனவில் நடக்கிறவள் மாதிரி யாருக்கும் தெரியாமல் போய்வந்தாள்.

நான்காவது வாரத்தில் ஒரு புதன்கிழமை. கால்கள் தாமாகவே பஸ் நிலையத்துக்குப் போயின. பதினொன்று நாற்பது பஸ் நின்றுகொண்டிருந்தது. பட்டியலிலேயே சின்ன பஸ் அது. மலையடிவாரத்தில் ஒரு சிற்றூருக்குப் போகும். பெயர் மட்டும் ஊரைவிடப் பெரிது, சொல்லி முடிக்க ஒரு மூச்சு வேண்டும். அந்தப் பெயரைத் தினமும் இரண்டு முறை, பத்தொன்பது வருடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஊரை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

முதல் முறையாக அந்த பஸ்ஸின் முகத்தைப் பார்த்தாள். நெற்றிப் பலகையில் பெயர் எங்கோ கொஞ்சம் குட்டையாக இருப்பதுபோல் பட்டது. பெயிண்ட் உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏறினாள்.

"எங்கேம்மா?" என்றார் கண்டக்டர்.

சிலேட்டில் 'கடைசி ஸ்டாப்' என்று எழுதிக் காட்டினாள். பேச முடியாது என்றால் காதும் கேட்காது என்று அவர் முடிவு செய்துவிட்டார். "ஐம்பது நிமிஷம் ஆகும்!" என்று அவள் காதருகே கத்தினார். "ஜன்னல் சீட்டுல உக்காருங்க!"

பஸ் ஊரைத் தாண்டி, கல் உடைக்கிற இடத்தைத் தாண்டி, ஏரிக்கரை மேல் ஏறியது. ஏரி வெள்ளையாக, அசையாமல், யாரோ விரித்துவிட்டு மறந்துபோன துணிபோல் கிடந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆட்கள் இறங்கினார்கள், யாரும் ஏறவில்லை. அவள் கண் அசந்துபோனாள். விழித்தபோது பஸ்ஸில் அவளும் டிரைவரும் கண்டக்டரும் மட்டும்தான். பஸ் ஒரு மரத்தைச் சுற்றி வட்டம் அடித்து நின்றது. எஞ்சினை அணைத்ததும், காதில் பஞ்சு வைத்ததுபோல் எல்லாம் அடங்கிவிட்டது.

மரத்தடியில் ஒரு பெட்டிக்கடை. கடைக்காரம்மா பருத்த உடம்பு, சிரித்த முகம். பக்கத்தில் அவளுடைய அண்ணன், ஒரு மிதிவண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். மைக் அக்கா டீ கிளாஸைச் சுட்டிக்காட்டினாள்.

"காது கேக்குதா உங்களுக்கு?" என்றாள் கடைக்காரம்மா.

தலையாட்டினாள். 'ஆறு வாரம் பேசக் கூடாது. தொண்டை' என்று எழுதினாள். அண்ணன் எட்டிப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

"அட, உங்களுக்குமா? டவுன் பஸ் ஸ்டாண்டுல மைக்ல பேசுற பொண்ணுக்கும் தொண்டை போயிடுச்சாம். கண்டக்டர் சொன்னார். இப்ப இது எல்லாருக்கும் வருது போல," என்றாள் கடைக்காரம்மா. "பாவம், சின்னப் பொண்ணு. குரலைப் பார்த்தா இருபத்தஞ்சுக்கு மேல இருக்காது."

நாற்பத்தாறு வயது மைக் அக்கா டீயைக் குனிந்து குடித்தாள்.

"பாவமாவது ஒண்ணாவது," என்றார் அண்ணன். "எங்க ஊர்ப் பேரைக் கெடுத்தவ அவ."

கிளாஸ் அவள் உதட்டிலேயே நின்றது.

"ஆரம்பிச்சுட்டான்," என்றாள் தங்கை. "தினமும் இதே பாட்டு."

"பின்ன? நடுவுல வர்ற எழுத்து குறில். எங்க தாத்தா, அவங்க தாத்தா எல்லாரும் குட்டையாத்தான் சொன்னாங்க. இவ எங்கிருந்தோ வந்தா, மைக்ல இழுத்தா. வருஷக்கணக்கா இழுத்தா. டவுனுக்குப் போய்ட்டு வந்தவன்லாம் இழுக்க ஆரம்பிச்சான். அங்க பாருங்க." எண்ணெய்க் கையால் காட்டினார். சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். அதன் பழைய பலகையில் பெயர் குறிலில் இருந்தது. இந்தப் பக்கம் புது பஸ் நிழற்குடை. அதன் நெற்றியில் நெடில். இரண்டு பலகையும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. "இந்த ஊர்ப் பசங்ககிட்ட குறில்னு சொன்னா நம்மளைப் பார்த்துச் சிரிக்குறாங்க!"

"இழுத்தா அழகாத்தான் இருக்கு," என்றாள் தங்கை. "அவ சொல்லும்போது ஏதோ பெரிய பட்டணம் மாதிரி இருக்கும். மாசம் ஒரு தடவை மாத்திரை வாங்கப் போறேனே, அதைக் கேக்கவே பெஞ்சுல முன்னாடியே போய் உக்காந்துப்பேன்."

மைக் அக்காவுக்கு முகம் சுட்டது. அந்தப் பழைய நேர அட்டை கண்முன்னே வந்தது. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் எழுதியது. அந்த எழுத்தின் தலையில் வளைந்த கொக்கியின் நுனியை, அழகுக்காகவோ அவசரத்திலோ, கொஞ்சம் சுழித்துவிட்டிருந்தார். அந்தச் சுழியைத்தான் அவள் இத்தனை வருடம் ஊர் கேட்கப் படித்திருக்கிறாள்.

சாக்பீஸை எடுத்தாள். 'மன்னிக்கணும்' என்று எழுதினாள். அவர்கள் இன்னும் சண்டையில் இருந்தார்கள். பஸ் ஹாரன் அடித்தது. உள்ளங்கையால் சிலேட்டைத் துடைத்துவிட்டு, டீக்குக் காசு வைத்துவிட்டு, ஓடிப்போய் ஏறிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் எழுதிக் காட்டினாள். ஐந்து சிலேட் நிறைந்தது. அவர் கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். "ஒரு ஊரையே இழுத்துட்டியே!" என்றார். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் அவளும் தோள் குலுங்கச் சிரித்தாள்.

ஆறு வாரம் முடிந்தது. டாக்டர் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, முடிச்சு கரைந்துவிட்டது என்றாள். "எங்க, உங்க பேரைச் சொல்லுங்க."

சொன்னாள். குரல் வந்தது. ஆனால் அவள் குரல் இல்லை. இரண்டு படி கீழே இறங்கி, கொஞ்சம் கரகரத்து, பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஒரு குரல்.

"இனிமே இப்படித்தான் இருக்கும்," என்றாள் டாக்டர். "மதியம் வரைக்கும் பேசுங்க. அப்புறம் ஓய்வு."

ஆஸ்பத்திரி நடையில் நின்று அவள் கொஞ்சம் அழுதாள். கணவர் பக்கத்தில் நின்று, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏழு பத்தைச் சொன்னாள். டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "புதுசா யாரோ வந்திருக்காங்க. பரவால்ல," என்றது கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அதைத் தாங்கிக்கொண்டாள். பதினொன்று நாற்பது வந்தது. அட்டையில் அந்தச் சுழியை அவளே பிளேடால் சுரண்டியிருந்தாள். குறிலாகச் சொன்னாள், அழுத்தம் திருத்தமாக.

பெஞ்சில் இருந்த மூன்று பேர் எழுந்திருக்கவே இல்லை. டைம் கீப்பர் பதறிக்கொண்டு ஓடிவந்து கண்ணாடியைத் தட்டினான்.

"அக்கா, பதினொன்னு நாப்பதை விட்டுட்டீங்களே!"

"சொன்னேனே தம்பி."

"எப்போ? அது வேற ஏதோ ஊராச்சே?"

விடாமல் மூன்று வாரம் அப்படியே சொன்னாள். ஒரு வியாழக்கிழமை சன்னலை யாரோ உள்ளங்கையால் தட்டினார்கள். கடைக்காரம்மா, கையில் மாத்திரைப் பொட்டலத்தோடு.

"ஏம்மா, புதுசா வந்தவளா நீ? எங்க ஊர்ப் பேரை ஏன் வெட்டுறே? முன்னாடி இருந்த பொண்ணு எவ்வளவு..."

மைக் அக்கா சன்னலைத் தள்ளித் திறந்தாள். கடைக்காரம்மாவின் வாய் திறந்தபடி நின்றது.

"சிலேட்டு..." என்றாள். "நீங்களா? அன்னிக்கு எங்க கடையில உக்காந்து டீ குடிச்சது? எங்க அண்ணன் பேசினதை எல்லாம் கேட்டுக்கிட்டு? ஐயோ கடவுளே!" தலையில் கை வைத்துக்கொண்டாள். "இருபத்தஞ்சு வயசுன்னு வேற சொன்னேனே!"

"அது ஒண்ணுதான் கேக்க நல்லா இருந்துச்சு," என்றாள் மைக் அக்கா. "மத்தபடி உங்க அண்ணன் சொன்னது சரிதான். நான்தான் தப்பா சொல்லியிருக்கேன். அதான் சரியா சொல்லலாம்னு..."

"சரியா சொல்லச் சொல்லி யாரு கேட்டா? மூணு வாரமா எங்க ஊரே குட்டையாப் போன மாதிரி இருக்கு. பசங்க பஸ்ஸைக் கோட்டை விட்டுட்டு நிக்குதுங்க."

"உங்க அண்ணனுக்காவது சந்தோஷமா இருக்குமே?"

"அவனா? அவன்தான் என்னை அனுப்பினதே! சண்டை போட அவனுக்கு இருந்தது அது ஒண்ணுதான். இப்ப யார்கிட்டயும் சொல்ல ஒண்ணுமில்லாம, எண்ணெய் விட்ட சங்கிலிக்கே திரும்பத் திரும்ப எண்ணெய் விட்டுக்கிட்டு உக்காந்திருக்கான்."

கடிகாரத்தில் பதினொன்று முப்பத்தெட்டு. மைக் அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். பொத்தானை அழுத்தி, பெயரைச் சொன்னாள். நடுவில் வரும் எழுத்தில் நின்று, ஏரிக்கரைச் சாலை எவ்வளவு நீளமோ அவ்வளவு நீளம் அதை இழுத்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கடைக்காரம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"குரல்தான் கொஞ்சம் கனத்துப்போச்சு," என்றாள். "போகட்டும். பேரு வந்துடுச்சு." பஸ் நகர்வதைப் பார்த்ததும் மாத்திரைப் பொட்டலத்தை ஆட்டிக்கொண்டே ஓடினாள்.

ஒரு மணிக்கு அவள் மைக்கை அணைத்தாள். டைம் கீப்பர் கரும்பலகையைத் தூக்கிவந்து வாசலில் சாய்த்தான். வெயில் தெருவில் அசையாமல் நின்றது. கடைகள் பாதிக் கதவை இறக்கியிருந்தன. அவள் நிழல் பக்கமாக நடந்து கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். கணவர் ஒரு லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"வா, வா. இன்னிக்குக் கடைக்கு யாரு வந்தாங்க தெரியுமா?"

"இருங்க," என்றாள் அவள். "இன்னிக்கு முதல்ல நான்."